அடுப்புக்குப் போகும் தேக்கு



ஸ்ரீரங்கத்தில் பழைய வீட்டை இடித்தால் தூணும் கதவும் விலை போய்விடும். துண்டுச் சட்டங்கள் விறகாகும். மூன்று தலைமுறை தாங்கின தேக்கு அடுப்பில் எரியலாமா? அதைத்தான் மேசை, நாற்காலியாக்குகிறேன்.

இரும்புக்கும் பஞ்சமில்லை. 1928-இல் பொன்மலை ரயில்வே பணிமனை, 1960-களில் பெல் என்று வெல்டர்கள் வளர்ந்த ஊர் இது. துவாக்குடிப் பட்டறைகளில் கழிவுத் தகடு கிலோக் கணக்கில் கிடைக்கும்.

ஒன்று மறந்துடாதீங்க. மழைக்காலத்தில் பலகை அகலும்; இரும்பு அகலாது. சட்டத்தில் போல்ட் துளையை, பலகை அகலும் வாக்கில் நீளமாகப் போடாவிட்டால் எவ்வளவு நல்ல தேக்கும் பிளந்துவிடும்.

கலை என்று பாராட்டுவாங்க. பாட்டி உட்காரும்போது ஆடாமல் நின்றால்தான் அது நாற்காலி. மாணவர்களே, படம் வரையும் முன் பட்டறையில் நின்று வேலை பழகுங்க.