பார் நிறையச் சிப்பி



முத்துநகர் என்று பெயர் வாங்கிய இந்தத் தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961-ல். 1955 முதல் நடந்துவந்த முத்துக்குளிப்பு அந்த ஆண்டோடு நின்றுபோனது. உங்கள் தாத்தாமார் கண்ட காட்சியை நீங்கள் காணவில்லை. அது ஏன் நின்றது என்ற கேள்வி, மீன்வளம் படித்துப் பட்டம் பெறும் உங்களை விடக்கூடாது என்பது என் ஆசை.

ஒரு முத்துச்சிப்பி ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கில் முட்டை விடுகிறது. பெருகுவதற்கு அதற்கு என்ன குறை என்று தோன்றும். ஆனால் முட்டையும் விந்தும் கடல்நீரிலேதான் சேர வேண்டும். பிறந்த குஞ்சு மூன்று வாரம்போல நீரோட்டத்தில் அலைந்து, நம் கடலோரத்தார் ‘பார்’ என்று சொல்லும் கல்தரையைக் கண்டால்தான் ஒட்டும். மணலில் இறங்கினால் பிழைக்காது. ஒட்டிய பிறகும் ஆபத்து ஓயவில்லை. சூரன் என்னும் சிறு மட்டி பாய்போலப் படர்ந்து குஞ்சுகளை மூச்சுமுட்ட மூடிவிடும். கிளாத்தி மீன் கொறிக்கும், திருக்கை ஓட்டோடு நொறுக்கும், நட்சத்திரமீன் வாய்திறக்கவைத்துத் தின்னும். இலங்கைப் பக்கத்துப் பெரிய பாரில் குஞ்சுகள் கணக்கில்லாமல் ஒட்டுவதும், அவை முத்து வைக்கும் வயதை எட்டுமுன்பே மொத்தமாக மறைவதும் பலமுறை நடந்திருக்கிறது. ஆக, எத்தனை பிறந்தது என்பதைவிட எத்தனை தப்பியது என்பதே கணக்கு.

இடமும் இரையும் குறையக் குறையப் பெருக்கம் தளரும் என்பதை 1838-ல் பெல்ஜியத்துக் கணித அறிஞர் வெர்ஹல்ஸ்ட் ஒரு வளைகோடாகக் காட்டினார். அதைத் தேர்வுத்தாளில் நீங்களும் வரைந்திருப்பீர்கள். அதன் உச்சியைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். எனக்குக் கவலை அதன் அடிவாரத்தைப் பற்றி. பாரில் சிப்பிகள் நெருங்கிக் கிடந்தால்தான் முட்டையும் விந்தும் சந்திக்கும். ஆங்கொன்று ஈங்கொன்று என்று ஆகிவிட்டால், பிடிப்பதை நிறுத்தினாலும் பெருக்கம் எழும்பாமல் போகலாம். எண்ணிக்கை மிகவும் குறைவதே ஓர் உயிரினத்துக்குத் தடையாகும் என்பதை அமெரிக்க உயிரியலாளர் ஆலீ 1930-களில் எடுத்துக்காட்டினார். நம் பாருகள் வெறுமையானதற்குப் பிடிப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டமும் மணலும் சூரனும் சேர்ந்த கணக்கு அது.

கடலை நம்பி ஒப்பந்தம் போட்டவர்களும் உண்டு. இலங்கையில் 1905-ல் சலாபம் அமோகமாக நடந்தது. அதைப் பார்த்து 1906-ல் ஒரு நிறுவனம் பாருகளை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு எடுக்கச் சிப்பி இல்லை. 1912-ல் நிறுவனத்தையே கலைத்தார்கள். ஒரு நல்ல ஆண்டை வைத்து இருபது ஆண்டைக் கணித்த தவறு அது.

சிப்பியின் கதை இப்படி என்றால், ஆவுளியாவின் கதை வேறு. அந்தக் கடல்பசு ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே கன்றை ஈனும்; அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். கோடிக்கணக்கில் குஞ்சை இழந்தாலும் சிப்பி தாங்கும். வலையில் ஒரு தாய் மாட்டினால் ஆவுளியா தாங்காது. அதைக் காக்கவே 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது தமிழக அரசு.

சிப்பி விஷயத்தில் நம் கரைக்கும் நம்பிக்கை உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1973-ல் வேப்பலோடையில் முத்து வளர்த்துக் காட்டினார்கள். பிறகு குஞ்சுபொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சுகளையும் உருவாக்கினார்கள். அந்தக் குஞ்சுகளை எந்தப் பாரில், எத்தனை நெருக்கமாக, எந்த மாதத்தில் விட்டால் தங்கும் என்பதை இனி நீங்கள்தான் கண்டறிய வேண்டும். அதற்குப் பாரைப் பார்க்க வேண்டும். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் அண்ணாச்சிமார் அடித்தரையைக் கண்ணால் காண்கிறவர்கள். வேலையில் சேர்ந்ததும் அவர்களிடம் போய், எந்தப் பாரில் மணல் ஏறியிருக்கிறது, எங்கே சிப்பி தட்டுப்படுகிறது என்று கேளுங்கள். ஆண்டுதோறும் கேட்டு, தேதியோடு எழுதிவையுங்கள்.