ரேஞ்ச் கிடைக்கும் பாறை

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், 2021-ஆம் ஆண்டுக் கடைசியில், ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். மழையில் நனைந்து, அடுப்படியில் வைத்து உலர்த்தியதில் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. உள்ளே அறிவியல் பாடம். ‘பிரகாச சம்ஸ்லேஷணம்’ என்று தமிழ் எழுத்தில் எழுதி, கீழே கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

“இது என்னம்மா?” என்றேன்.

“டிவியில மலையாளத்துல சொன்னாங்க சார். காதுல விழுந்தபடி எழுதி வச்சேன். டீச்சரப் பாத்தா கேக்கலாம்னு.”

மலையாளத்தில் பிரகாச சம்ஸ்லேஷணம் என்பது நம் ஒளிச்சேர்க்கைதான். அவளுடைய தமிழ்ப் பாடநூலில் அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் டிவியில் கேட்டதும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றுதான் என்று சொல்ல அருகில் ஆள் இல்லை. தாயும் தகப்பனும் கொழுந்து எடுக்கப் போயிருந்தார்கள். டீச்சரோ மலைக்குக் கீழே.

கொரோனாக் காலத்தில் பள்ளிகளுக்கு அரசு செய்த உதவி பற்றிப் பேச வந்திருக்கிறேன். இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளை மனத்தில் வைத்துப் பேசுகிறேன். இந்தியாவில் பல மாநிலங்கள் திகைத்து நின்ற நேரத்தில் கேரள அரசு விரைவாகச் செயல்பட்டது. அதை முதலில் மனதாரச் சொல்லிவிட வேண்டும்.

2020 மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு பாதியில் நின்றது. மீதித் தேர்வுகளை மே 26 முதல் 28 வரை நடத்தினார்கள். முகக்கவசம், வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவி, தள்ளித் தள்ளிப் போட்ட பெஞ்சுகள் என்று ஏற்பாடு. வேறு மாவட்டத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை அங்கேயே ஒரு மையத்தில் எழுதலாம் என்றார்கள். தமிழ்நாட்டில் ஜூன் 9-ஆம் தேதி பத்தாம் வகுப்புத் தேர்வையே ரத்து செய்து, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். குமுளியிலோ கோபாலபுரத்திலோ சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை முகக்கவசத்தோடு கணக்குத் தேர்வு எழுதிவிட்டு வந்தது. அந்தப் பக்கம் அதன் அத்தை மகன் தேர்வே எழுதாமல் பதினொன்றாம் வகுப்புக்குப் போனான். எது சரி என்று இன்றும் அந்தக் குடும்பங்களில் பேச்சு ஓயவில்லை. நோய் பரவும் நேரத்தில் இரண்டு முடிவுக்கும் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம்.

பிறகு ஜூன் 1. வழக்கமாகக் கேரளப் பள்ளிகள் திறக்கும் நாள். அன்று காலை எட்டரை மணிக்குக் கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. அந்தத் தொலைக்காட்சியை 2005-இல் தொடங்கி வைத்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். எஜுசாட் செயற்கைக்கோள் வழியாகப் பள்ளிகளுக்குப் பாடம் கொண்டுபோகத்தான் அது பிறந்தது. பதினைந்து ஆண்டுகள் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த ஒன்று, ஒரே நாளில் வீட்டுக்கு வீடு வகுப்பறை ஆயிற்று. ஒன்றாம் வகுப்புக்கு ஒரு டீச்சர் பூனைக் கதை சொன்னார். அன்றைக்குக் கேரளமே அந்தப் பூனைகளைப் பற்றித்தான் பேசியது.

அதே நாளில் மலப்புறம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். டிவி பழுதாகிக் கிடந்தது, ஸ்மார்ட்போன் வாங்க வழியில்லை என்று வீட்டார் சொன்னார்கள். டிவியோ இணையமோ இல்லாத பிள்ளைகள் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர் என்று சமக்ர சிக்ஷா கல்வித் திட்டம் எடுத்த கணக்கு ஏற்கெனவே அரசின் கையில் இருந்தது. அந்த எண்ணுக்கு அன்றைக்கு ஒரு முகம் வந்துவிட்டது. அதன் பிறகு வேகம் கூடியது. வாசகசாலை, அங்கன்வாடி, சமுதாயக்கூடம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் டிவி வைத்துப் படிப்பு மையங்கள் வந்தன. கே.எஸ்.எஃப்.இ. என்ற அரசுச் சீட்டு நிறுவனம் பணம் தந்தது. இளைஞர் அமைப்புகள் வீடு வீடாகப் போய் டிவி சேகரித்தன. முதல் இரண்டு வாரத்தை ஒத்திகை என்று அறிவித்து, தவறவிட்டவர்களுக்காக அந்தப் பாடங்களைத் திரும்பவும் போட்டார்கள். மனிதநேயமான முடிவு அது.

சோறும் நிற்கவில்லை. பள்ளி மதிய உணவுக்குப் பதிலாக, மழலை வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஏறத்தாழ 26 லட்சம் பிள்ளைகளுக்கு அரிசியும் பலசரக்கும் கொண்ட கிட் கிடைத்தது. அந்த மாதங்களில் அதன் அருமை எல்லையோரக் குடும்பங்களுக்குத்தான் தெரியும். தேனி மாவட்டத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு வந்துபோகிறவர்களுக்கு எல்லை அடைபட்டதும் கூலி நின்றது. மேலே தங்கி வேலை செய்கிறவர்களோ ஊரில் இருந்த அம்மா அப்பாவைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். பள்ளிக்கூடத்துத் திண்ணையில் பையைக் கையில் வாங்கிய ஒரு தாய், அங்கேயே அவிழ்த்து, பயறு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இனி என் ஆதங்கத்துக்கு வருகிறேன்.

முதல் மணி அடித்தது மலையாளத்தில். தமிழ் வழி, கன்னட வழிப் பாடங்கள் அதற்குப் பின்னால் வந்தன. வந்தவையும் விக்டர்ஸ் அலைவரிசையில் முழுநேரம் வரவில்லை. யூடியூப் வழியாகவும் உள்ளூர் கேபிள் வழியாகவும் வந்தன. ஒரே அலைவரிசையில் இத்தனை வகுப்புகளுக்கும் இடம் தேடியவர்களின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் அரை மணி, ஒரு மணி என்று அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் தமிழ்ப் பாடம் வந்த பாதையைச் சற்று நடந்து பாருங்கள். சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி மாதிரியான சமவெளி ஊர்களில் கேபிள் உண்டு. அங்கே பாடம் வீடு வந்து சேர்ந்தது. தேவிகுளத்து மலையில் பல லயங்களுக்குக் கேபிள் ஏறாது. கூரைக்குக் கூரை டிஷ்தான். உள்ளூர் கேபிளில் ஓடும் பாடம் டிஷ்ஷில் வராது. மிஞ்சியது யூடியூப். அதற்கு ரேஞ்ச் வேண்டும்.

சிக்னல் என்று நாம் சொல்வதை அங்கே ரேஞ்ச் என்கிறார்கள். ராஜமலைப் பக்கத்து எஸ்டேட் பிள்ளைகள் ரேஞ்ச் தேடிச் சாலையோரத்துக்கும் பாறைக்கும் நடந்துபோய், குடை பிடித்துக்கொண்டு பாடம் கேட்ட செய்தி அப்போது வெளியே வந்தது. நான் பார்த்த லயத்திலும் அப்படி ஒரு பாறை இருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து பாசி தேய்ந்துபோன பாறை. “ரேஞ்ச் வந்துச்சுன்னா நாலு பாடத்த எறக்கி வச்சுக்குவேன் சார். வீட்டுக்குப் போய்ப் பாப்பேன்” என்றாள் நோட்டுக்காரப் பெண். அதற்கும் போன் கையில் இருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு போன். அது காலையில் அப்பாவின் சட்டைப்பையில் தோட்டத்துக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் டீச்சர் காலை பத்து மணிக்கு அனுப்பிய வீட்டுப்பாடம் பிள்ளையின் கண்ணில் படும்போது பொழுது சாய்ந்திருக்கும். அண்ணன், தம்பி, தங்கை மூவருக்கும் அதே ஒரு போன்.

எல்லையில் இருக்கும் ஊர்கள்தானே, தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சியைப் பார்த்தால் ஆகாதா என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். 2019 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் தொலைக்காட்சி, கொரோனாவின்போது பாடங்களை ஒழுங்காக ஒளிபரப்பியது. தமிழும் நல்ல தமிழ். ஆனால் பாடம் வேறு. கேரளத் தமிழ் வழிப் பிள்ளை படிப்பது கேரளப் பாடத்திட்டம், எஸ்.சி.இ.ஆர்.டி. கேரளா தமிழில் தரும் புத்தகம். தமிழ்நாட்டு ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு நடத்தும் வரலாறு இந்தப் பிள்ளையின் புத்தகத்தில் இருக்காது. ஆக, ஒரு பெட்டியில் மொழி கிடைத்தது, பாடம் கிடைக்கவில்லை. இன்னொரு பெட்டியில் பாடம் கிடைத்தது, மொழி கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை காதில் விழுந்ததை எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவைத்தது.

அந்த இடைவெளியை அடைத்தவர்கள் ஆசிரியர்கள். யூடியூபுக்காகத் தமிழில் பாடம் நடத்திப் பதிவு செய்தவர்களும் அவர்கள்தாம், பென்டிரைவில் போட்டு ஜீப்பில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் அவர்கள்தாம். அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் பிள்ளைகளுக்காக ஃபர்ஸ்ட் பெல் பாடங்களை அவரவர் பேச்சு மொழிக்கு மாற்றிச் சொன்னார்கள். மலையாளம் தெரிந்த பிள்ளைதானே, புரிந்துகொள்ளும் என்று அங்கே யாரும் விட்டுவிடவில்லை. வீட்டுப் பேச்சில் சொன்னால்தான் ஏழு வயதுப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும் என்று அந்த ஆசிரியர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் மிகவும் மதிக்கும் வேலை அது.

அந்த மழைக்காலத்தை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, ராஜமலையில் பெட்டிமுடி லயங்கள் மேல் மலை சரிந்து விழுந்தது. எழுபது பேர். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், அவர்களோடு படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். மின்சாரம் இல்லை, போன் இல்லை. வெளியுலகத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது மறுநாள் காலையில்தான். பாடம் கேட்க வேண்டும் என்று அந்த மலைமக்கள் கேட்டுக்கொண்டிருந்த ரேஞ்ச் உயிர் காக்கவும் வேண்டியிருந்தது. இரண்டையும் தனித்தனியாக என்னால் நினைக்க முடியவில்லை.

அடுத்து வந்த ஆண்டுகளில் ஏற்பாடுகள் கூடின. 2021 ஜனவரி 1-ஆம் தேதி பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பள்ளிக்குத் திரும்பின. குடும்பஸ்ரீ மகளிர் குழு உறுப்பினர்கள் மாதம் 500 ரூபாய் வீதம் 30 மாதம் கட்டினால் லேப்டாப் என்று வித்யாஸ்ரீ திட்டம் வந்தது. பிறகு, வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கருவி தரும் வித்யாகிரணம் வந்தது. கே-ஃபோன் இணையத்தை 2023 ஜூனில் தொடங்கினார்கள். கருவி, கம்பி, கட்டணம் என்று ஒவ்வொன்றாக அரசு யோசித்தது. மொழியையும் அதே பட்டியலில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. தமிழ்ப் பாடம் மூன்று வாரம் தாமதமானால், டிவி மூன்று வாரம் தாமதமானதற்குச் சமம். தமிழ்ப் பாடப் பதிவு ரேஞ்ச் இல்லாத இடத்தில் யூடியூபில் மட்டும் கிடந்தால், அந்த இடத்துக்கு அது இல்லை என்றே பொருள்.

இதைச் சலுகையாக யாரும் கேட்கவில்லை. சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு சொல்கிறது. மொழிவாரி மாநிலங்கள் பிறந்த 1956 நவம்பர் 1-ஆம் தேதி, அந்தப் பிறப்போடு கூடவே நடைமுறைக்கு வந்த பிரிவு அது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்ற நாளும் அதுதான். 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 5 லட்சம் பேர். கேரளப் பள்ளிகள் தொற்றுக்குப் பிறகு சின்ன வகுப்புகளுக்கும் கதவு திறந்ததும் ஒரு நவம்பர் 1-ஆம் தேதிதான், 2021-இல். நோட்டுக்காரப் பெண் இருபது மாதத்துக்குப் பிறகு வகுப்பறையில் உட்கார்ந்தாள். கேள்விக்குறி போட்ட இடங்களை எண்ணிப் பார்த்தேன், முப்பத்திரண்டு. டீச்சர் ஒரு வாரம் வேறு பாடம் எடுக்காமல் அவற்றையே எடுத்தாராம்.

தொற்று போய்விட்டது. மழை போகவில்லை. இடுக்கியில் மழை வலுத்தால் கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விடுகிறார். மண் சரிந்தால் வழி அடைபடுகிறது. அந்த நாட்களுக்குத் தமிழில் என்ன வைத்திருக்கிறோம்? அன்று ஆசிரியர்கள் உயிரைக் கொடுத்துப் பதிவு செய்த பாடங்கள் இருக்கின்றன. பாடநூல் மாறிய இடங்களில் திருத்தி, வகுப்புவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தமிழ்ப் பள்ளிக்கும் ஒரு பென்டிரைவ் கொடுத்துவிடலாம். தேவிகுளத்தில் ஆகாசவாணி நிலையம் ஒன்று இருக்கிறது. மலைக்கு நடுவே இருக்கிற நிலையம். வானொலிக்கு டிஷ் வேண்டாம், கேபிள் வேண்டாம், பாறைமேல் ஏற வேண்டாம். விடுமுறை விட்ட அன்றைக்குக் காலையில் அரை மணி நேரம் தமிழில் ஒரு பாடம் அங்கிருந்து வந்தால், லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து நாலு வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். கேரளக் கல்வித் துறையும் ஆகாசவாணியும் பேசி முடிவெடுக்க வேண்டிய சின்ன வேலை. பள்ளி திறப்பது ஜூனில், மழை தொடங்குவதும் ஜூனில். அதற்கு முன்னால் செய்துவிட வேண்டும் என்று இந்த ஒலிவாங்கி முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன்.