ஒரு சொல்லும் பல பொருளும்

(இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு பாடசாலை ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று. வீட்டிலுள்ள மூத்தோருக்கும் சங்க இளைஞர்களுக்கும் அதிற் பங்குண்டு. அப்பொறுப்பில் ஒரு சிறு பகுதியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். எழுத்தால் ஒன்றாயும் பொருளாற் பலவாயும் நிற்கும் சொற்களைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு விளக்குவது?

"கல் என்பதன் பொருள் யாது?" என்று ஓர் ஆசிரியர் கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை "படி" என்று எழுதுகிறது. அவர் எதிர்பார்த்த விடை பாறைத்துண்டு. உடனே சிவப்பு மையாற் பிழையென்று கோடிடுகிறார். ஆனால், "பாடத்தைக் கசடறக் கல்" என்று தந்தை மகனுக்குச் சொன்னால், அங்கே கல் என்பது படி என்றுதானே பொருள்படும்? பிள்ளை பிழைவிடவில்லை. சொல்லைத் தனியே நிறுத்திப் பொருள் கேட்டமையே குறை. இப்படி நான்கு முறை கோடு விழுந்தால், ஐந்தாம் முறை அப்பிள்ளை சிந்திக்காது. புத்தகத்தில் உள்ள விடையை மட்டுமே தேடும். ஆதலின் இது இலக்கண வகுப்போடு முடிந்துவிடும் சங்கதியன்று.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். திண்ணைப் பள்ளிகளிற் பிள்ளைகள் மனனஞ் செய்த சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி முழுவதும் ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கே உரியது. அச்சுப் புத்தகம் அரிதாயிருந்த காலத்தில் அந்த மனனமே பிள்ளையின் கைப்பொருள். பின்னர் 1842இல் மானிப்பாய் அகராதி வெளிவந்தது. இன்று அகராதி எவருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால், ஒரு சொல்லுக்கு எட்டுப் பொருள் இருந்தால், இந்த இடத்துக்கு உரியது எது என்று அகராதி சொல்லாது. அதனைத் தெரிந்தெடுக்கும் அறிவையே நாம் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும்.

அதற்கு வழி தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில், பல பொருள் ஒரு சொல்லின் பொருளைத் தெளிவதற்கு வினை, இனம், சார்பு என்னும் மூன்றினைத் தொல்காப்பியர் காட்டுகிறார். இவற்றை ஏழு வயதுப் பிள்ளைக்கும் விளங்கவைக்கலாம்.

முதலாவது வினை. "மா பூத்தது" என்றால் மாமரம். "மா பாய்ந்தோடியது" என்றால் விலங்கு. "மா புளித்தது" என்றால் நமது அடுக்களையில் இருக்கும் மா. இரண்டாவது இனம். "மாவும் பலாவும் வாழையும்" என்னும்போது மரம். "மாவும் சீனியும் பருப்பும்" என்னும்போது கடையில் வாங்கும் பொருள். அருகில் நிற்கும் கூட்டாளியே ஆளைக் காட்டிவிடுகிறான். மூன்றாவது சார்பு. "மாலை வந்துவிட்டதா?" என்று கலியாண வீட்டிற் கேட்டால் பூமாலை, வயலில் வேலை செய்பவர் கேட்டால் பொழுது.

இம்மூன்றும் உதவாத இடமும் உண்டு. "மா விழுந்தது" என்றால் விழுந்தது மரமா, விலங்கா, மாப் பாத்திரமா? இத்தகைய இடத்திற் பொருளை வெளிப்படக் கிளந்து சொல்லவேண்டும் என்பதும் தொல்காப்பியர் கருத்தே. "மாமரம் விழுந்தது" என்று எழுதப் பழகிய பிள்ளை, பிறர் மயங்காதபடி எழுதும் ஒழுக்கத்தையும் கற்றுக்கொள்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. பாட்டி சொல்லும் கதையும் வீமன் கையிலிருக்கும் கதையும் எழுத்தில் ஒன்றே, ஒலியில் வேறு. தீவினையைக் குறிக்கும் பாவமும் நடிகர் முகத்திற் காட்டும் பாவமும் அவ்வாறே. வடமொழியில் வெவ்வேறு எழுத்துகளால் எழுதப்படும் ஒலிகள் தமிழில் ஓரெழுத்தில் அடங்கியதால் இது நேர்ந்தது. இத்தகைய சொற்களை எழுதிக் காட்டினாற் போதாது. வாய்விட்டு வாசித்துக் காட்டல் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கோ "தம்பியோடு கதை" என்னும் மூன்றாவது கதையும் உண்டு!

இளைஞர்களே, நாளொன்றுக்கு ஒரு சொல் போதும். ஆறு, நூல், மதி, திங்கள், அடி என்று தொடங்குங்கள். பொருளை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளையே வசனம் அமைக்கச் செய்யுங்கள். புதுப்பொருளொன்றை ஒரு பிள்ளை கொண்டுவந்தால், "எந்த வசனத்தில்?" என்று மட்டும் கேளுங்கள். வசனம் பொருந்தினால் விடை சரி.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கரையோரத்தில் வாடி என்றால் மீனவர் தங்கும் கொட்டில். தோட்டத்தில், செடி வாடி நிற்கிறது. இவ்வாறு வயலிலும் கடலிலும் வழங்கும் பொருள்கள் உங்கள் நாவில் இருக்கின்றன. அவற்றைப் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள்.

பிள்ளை சொன்ன விடையைப் பிழையென்று தள்ளுமுன், அது எந்தப் பொருளிற் சரியாகும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. அந்த ஒரு கணத்தில் பிள்ளையும் வளரும், தமிழும் வளரும்.