மண்ணுக்கும் கூலி கொடு!



சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கிறது. மெஷினுக்குச் சொல்லிவைத்துவிட்டு, களத்தில் நெல்லைக் காயப்போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். மேகம் கறுத்தால் பாதியில் எழுந்து ஓடவேண்டியவர்கள் நீங்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

விளைச்சலைக் கூட்டு என்கிறார்கள். லாபமாகப் பண்ணு என்கிறார்கள். மண்ணையும் நீரையும் கெடுக்காதே என்கிறார்கள். இந்த மூன்றையும் ஒரே வயலில் செய்ய முடியும். காவிரி டெல்டாவில் நம் பாட்டன் செய்திருக்கிறான், இன்றைக்கும் சிலர் செய்கிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு முடியாமல் போனதற்குக் காரணம் நம் பேராசை என்று யாராவது சொன்னால், அது பொய். அரசாங்கம் எதற்குப் பணம் கொடுக்கிறது, எதற்குக் கொடுக்க மறுக்கிறது என்பதில்தான் கோளாறு இருக்கிறது. என் குற்றச்சாட்டு அதுதான்.

நெல்லின் விலையிலிருந்து தொடங்குவோம். 2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்கு மத்திய அரசு வைத்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை சேர்ந்து 2,500. மத்திய அரசின் கணக்கில் ஒரு குவிண்டால் நெல்லுக்கு உற்பத்திச் செலவு 1,579 ரூபாய்தான். கைக்காசுச் செலவையும் குடும்பத்தார் உழைப்பையும் மட்டும் கூட்டி வந்த தொகை இது. உங்கள் சொந்த நிலத்துக்கு வாடகை இல்லை, நீங்கள் போட்ட முதலுக்கு வட்டி இல்லை. அவற்றையும் சேர்த்து அதன்மேல் பாதி கூட்டிக் கொடு என்று கேட்டுக்கேட்டு நாம் களைத்துவிட்டோம். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான விவசாயிகள் ஆணையம், செலவின்மேல் பாதி கூட்டிக் கொடுக்கச் சொல்லி 2006-ல் அறிக்கை கொடுத்தது. அறிக்கையைக் கொடுத்தவர் 2023-ல் மறைந்தும் போனார். கோரிக்கை அப்படியே நிற்கிறது.

விலை இப்படி நெருக்கினால் விவசாயி என்ன செய்வான்? இன்னும் இரண்டு மூட்டை கூடுதலாக எடுக்கப் பார்ப்பான். அதற்கு மலிவாக எது கிடைக்கிறது? யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. டிஏபி 50 கிலோ 1,350 ரூபாய். 2010-ல் மத்திய அரசு உர மானியத்தை மாற்றியது. மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக்கட்டைத் தளர்த்திவிட்டு, யூரியாவை மட்டும் பழையபடி மலிவாக வைத்தது. மண்ணுக்கு எது வேண்டும் என்று பார்த்து உரம் போடும் நிலைமை போய், பைக்கு எது கட்டும் என்று பார்த்துப் போடும் நிலைமை வந்தது. அதை உண்டாக்கியது டெல்லி எடுத்த முடிவு.

தழைச்சத்து மிஞ்சினால் பயிர் கருகருவென்று நிற்கும். அந்தக் கரும்பச்சைக்குத்தான் புகையான் பூச்சி வருகிறது, இலைச்சுருட்டுப் புழு வருகிறது. மருந்து அடிக்கிறோம். புகையானைத் தின்கிற சிலந்தியும் அந்த மருந்தில் சாகிறது. மறுபடியும் புகையான், மறுபடியும் மருந்து. ஒரு காற்றுமழைக்குப் பயிர் படுத்துவிடுகிறது. இதில் விளைச்சல் எங்கே, லாபம் எங்கே, மண் எங்கே? மூன்றும் ஒன்றாகவே போகின்றன. சூழலைக் காப்பாற்றினால் லாபம் போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. இலையை அட்டையோடு வைத்துப் பார்த்து, நிறம் வெளுத்தால் மட்டும் யூரியா போடலாம். வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் அந்த அட்டை இருக்கிறது? சரி, ஒருவர் அட்டை பார்த்து ஒரு மூட்டையைக் குறைத்தார் என்றே வையுங்கள். அவருக்கு மிச்சம் 266 ரூபாய். அந்த மூட்டைக்காக அரசு செலவழிக்க இருந்த மானியம் அதைப்போலப் பல மடங்கு. அதில் ஒரு காசு அவர் கைக்கு வருவதில்லை. போட்டவனுக்கு மானியம், குறைத்தவனுக்கு ஒன்றுமில்லை!

தண்ணீர் கதையும் இதுதான். 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் காவிரியில் கர்நாடகம் நமக்கு விடவேண்டிய நீரை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டின் நிலத்தடியில் நீர் இருக்கிறது, அதில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுக்கலாம் என்றார்கள். நம் காலடி நீரைக் காட்டியே நம் ஆற்று நீரைக் குறைத்தார்கள். அந்த நிலத்தடி நீரோ வேதாரண்யம் பக்கம் உப்பேறிக் கிடக்கிறது. இலவச மின்சாரத்தில் இறைத்ததால்தான் இந்த உப்பு வந்தது, அந்த மின்சாரத்தை நிறுத்து என்று சிலர் கிளம்புவார்கள். 1970-ல் பெருமாநல்லூரில் மின்கட்டணப் போராட்டத்தில் குண்டடிபட்டுச் செத்தவர்கள் விவசாயிகள். போராடிப் பெற்ற அந்த இலவச மின்சார உரிமையில் யாரும் கை வைக்க விடமாட்டோம். ஆனால் மிச்சம் பிடிப்பவனுக்குப் பணம் கொடு என்று கேட்பதில் என்ன தடை? பஞ்சாபில் 2018-ல் அப்படி ஒரு திட்டம் தொடங்கினார்கள். விருப்பப்பட்டுச் சேர்ந்த விவசாயிக்கு, அவருக்கு ஒதுக்கிய மின்சாரத்தில் பயன்படுத்தாமல் விட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய். இலவசமும் போகவில்லை, நீரும் மிஞ்சுகிறது. நீர் மறைய நீர் கட்டினால் நெல் விளையும் என்பது நமக்கும் தெரியும். வயலில் எப்போதும் தண்ணீர் நின்றால் மீத்தேன் கிளம்புகிறது என்று உலகமே நம்மைக் குறை சொல்கிறது. குறைத்துக் காட்ட நாம் தயார். கூலி எங்கே?

இப்போது உளுந்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளிப்பது டெல்டாவின் பழக்கம். உழவில்லை, பாசனம் இல்லை. மிச்ச ஈரத்திலும் தை, மாசிப் பனியிலும் வளரும். வேர்முடிச்சு காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். விளைச்சல், லாபம், மண்வளம் மூன்றும் ஒரே பயிரில் வந்த இடம் இது. இன்று அந்தப் பரப்பு ஏன் சுருங்குகிறது? ஈர வயலில் மெஷின் இறங்கினால் முளைத்த உளுந்து நசுங்கிவிடும். கையால் அறுக்க ஆள் இல்லை.  பாடுபட்டு எடுத்தாலும் விலை வியாபாரி சொல்வது.

உளுந்துக்கு 2025-26-ல் வைத்த ஆதார விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். ஏக்கருக்கு 2 குவிண்டால் எடுத்தால் 15,600 ரூபாய், அதுவும் மிகக் குறைந்த செலவில். நெல்லுக்கு ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் இருக்கிறது. உளுந்துக்கு? ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், குறிப்பிட்ட காலத்துக்குள், குறிப்பிட்ட அளவுக்குள். ரேஷன் கடைக்கு டெண்டர் விட்டுப் பருப்பு வாங்குகிற அரசு, நெல் எடுக்கும் அதே நிலையத்தில் எங்கள் உளுந்தையும் பயறையும் எடுத்தால் என்ன? ஐப்பசி மழையில் கொள்முதல் நிலைய வாசலில் நெல் முளைவிட்டதை நீங்கள் பார்த்தீர்கள். நெல்லை மட்டுமே நம்பவைத்துவிட்டு, அந்த நெல்லையும் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியது என்று தள்ளிவைப்பது என்ன நியாயம்?

இன்னொரு உண்மையை நமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். இந்தக் கூட்டத்தில் குத்தகைக்காரர்கள் நிறைய இருக்கிறீர்கள். கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர் நிலம். பல பேருக்கு எழுத்தே கிடையாது, வாய்ப்பேச்சுதான். கோடையில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் மண் தேறும். ஆனால் அடுத்த வருஷம் அந்த வயல் யார் கையில் இருக்கும் என்று தெரியாதவன் எந்தத் தைரியத்தில் செலவழிப்பான்? பசுந்தாள் உர விதை கொடுக்கும் மாநில அரசின் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தை நான் வரவேற்கிறேன். விதை கொடுத்தால் போதாது, உழுகிறவன் பெயர் பதிவேட்டில் ஏறவேண்டும். குத்தகை உரிமையைப் பதிய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. நிலம் வைத்திருப்பவர்களே, உங்களிடமும் கேட்கிறேன்: எழுதிக் கொடுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, நாளைக்கே எல்லா ரசாயனத்தையும் நிறுத்து என்று யாராவது சொன்னால் அதையும் எதிர்ப்பேன். 2021-ல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையை விலக்கவேண்டி வந்தது. அதற்குள் நெல் விளைச்சல் விழுந்து, அரிசியை வெளியிலிருந்து வாங்கினார்கள். அடிபட்டவன் அங்குள்ள சிறு விவசாயி. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் இந்த மண்ணில் ஊர் ஊராக நடந்து, பேசி, செய்து காட்டித்தான் விவசாயிகளை மாற்றினார். உத்தரவு போட்டு மாற்றவில்லை.

எனவே நாம் கேட்பது இவை. நெல் கொள்முதல் நிலையத்திலேயே உளுந்தும் பயறும் ஆதார விலைக்கு எடுக்கப்படவேண்டும். யூரியாவைக் குறைத்தவருக்கும், நீரை மிச்சம் பிடித்தவருக்கும், பசுந்தாள் மடக்கி உழுதவருக்கும் ஏக்கர் கணக்கில் பணம் நேராக வரவேண்டும், குத்தகைக்காரர் பெயரிலேயே வரவேண்டும். மார்ச் 22-ல் கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு ஊரிலும் இதைத் தீர்மானமாக எழுதி, வாசித்து, கையெழுத்துப் போட்டு, நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அந்த நகலைக் காட்டி, செய்வாயா மாட்டாயா என்று கேளுங்கள்.