கார் வாங்கியாச்சு, ப்ளக் பாயின்ட் எங்க?

"நீ எலக்ட்ரிக் கார் வாங்கிட்டியாமே, ரேஞ்ச் எவ்ளோ வருது?" போன ஒரு வருஷத்துல என்கிட்ட அதிகமா கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கல்யாணம் எப்போங்கிற கேள்விகூட இரண்டாவது இடம்தான். அதனால இந்த எபிசோடு முழுக்க அந்தக் காரைப் பத்தி. எந்த கம்பெனி, எந்த மாடல்னு சொல்ல மாட்டேன். சொன்னா இது ரிவ்யூ ஆயிடும், நான் பேச வந்தது அது இல்ல. 35 யூனிட் பேட்டரி, அஞ்சு பேர் உட்காரலாம், அவ்ளோ தெரிஞ்சா போதும்.

முதல்ல எங்க வீட்டைப் பத்தி சொல்லணும். காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், வீடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சுவர் ஒட்டி இருக்கும். முன்னாடி திண்ணை, திண்ணையைத் தாண்டினா நீளமா ஒரு ஹால், அந்த ஹால்ல தறி. எங்க அப்பா பன்னிரண்டு வயசுல தறிக்குழியில உட்கார்ந்தவர். இப்போ அறுபத்தி ஒண்ணு. அம்மா, ஆயா, தம்பி, நான். எனக்கு வேலை சோழிங்கநல்லூர்ல, வாரத்துக்கு இரண்டு நாள் ஆபீஸ் போகணும். வாலாஜாபாத், ஒரகடம், வண்டலூர் வழியா போக எழுபத்தஞ்சு, வர எழுபத்தஞ்சு கிலோமீட்டர். பஸ் மாறி மாறிப் போய் ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வர்றதைப் பார்த்துட்டு, கார் வாங்கலாம்னு முதல்ல சொன்னதே அம்மாதான். நானும் தம்பியும் இ.வி.ன்னு சொன்னோம்.

நான் இன்ஜினியர் ஆச்சே, ஷீட் போட்டேன். மாசம் 1,400 கிலோமீட்டர் ஓட்டம். பெட்ரோல்ல ஓட்டினா கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய்க்கு மேல. 9 லட்ச ரூபாய் பெட்ரோல் வண்டிக்கு தமிழ்நாட்டுல 13 சதவீதம் சாலை வரி, அதுவே ஒரு லட்சத்தைத் தாண்டிடும். இ.வி.க்கு அரசோட 2023 கொள்கைப்படி 2025 டிசம்பர் வரைக்கும் அந்த வரி கிடையாதுன்னு இருந்தது. நாங்க வாங்கினது 2025 தை மாசம். ஜி.எஸ்.டி.யும் இ.வி.க்கு வெறும் 5 சதவீதம். எல்லாம் கூட்டிக் கழிச்சா பெட்ரோல் வண்டிக்கும் இதுக்கும் வித்தியாசம் இரண்டு லட்சம் சொச்சம், அதை இரண்டரை வருஷத்துல எடுத்துடலாம். பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி. ஷீட் பச்சைப் பசேல்னு இருந்தது.

அந்த ஷீட்ல ஒரு வரி மட்டும் இல்ல. வண்டி ராத்திரி எங்க நிக்கும்?

கார் கம்பெனி விளம்பரத்தைக் கவனிச்சுப் பாருங்க. எப்பவும் தனி வீடு, கேட், போர்ட்டிகோ, சுவர்ல ஒரு சார்ஜர். அது இருக்கிறவங்களுக்கு இ.வி. ரொம்ப சுலபம். சாப்பிட்டுட்டு போனை சார்ஜ் போடற மாதிரி காரையும் போட்டுட்டுத் தூங்கலாம். எங்க தெருவுல ஒரு கார் நின்னாலே பக்கத்துல ஆட்டோ போறது கஷ்டம். ஜன்னல் வழியா ஒயரை இழுத்து, திண்ணை தாண்டி, தெருவுல நிக்கிற வண்டிக்கு சார்ஜ் போடலாம்னு தம்பி சொன்னான். மழையில, ஆடு மாடு மிதிக்கிற இடத்துல, 15 ஆம்பியர் ஒயர். எலக்ட்ரீஷியன் அண்ணா கையெடுத்துக் கும்பிட்டார். அதோட எங்க வீட்டு எர்த்திங் எப்போ போட்டதுன்னு யாருக்குமே தெரியாது. எர்த் சரியில்லன்னா பெரும்பாலான சார்ஜர் சிவப்பு லைட் காட்டிட்டு நின்னுடும், வண்டிக்குள்ள ஒரு யூனிட்கூட ஏறாது.

இது எங்க தெருவோட பிரச்சனை மட்டும் இல்ல. லண்டன்லயும் வரிசை வீடுகள்தான், பாதிப் பேருக்கு வாசல்ல பார்க்கிங் கிடையாது. அங்க தெரு விளக்குக் கம்பத்துலயே சார்ஜிங் பாயின்ட் வைக்கிறாங்க. ஆக்ஸ்ஃபோர்டுல நடைபாதையில சின்னதா ஒரு காடி வெட்டி, ஒயரை அதுக்குள்ள பதிச்சு வாசல் வரைக்கும் கொண்டுவர ஏற்பாடு செஞ்சு பார்த்தாங்க. நம்ம மாவட்டத்துலேயே, இருங்காட்டுக்கோட்டையில, எலக்ட்ரிக் கார் தயாராகுது. எங்க தெருப் பையன்கள் எத்தனையோ பேர் தறியை விட்டுட்டு அந்தப் பக்கத்து ஃபேக்டரிகளுக்குத்தான் வேலைக்குப் போறாங்க. ஆனா செஞ்ச காரைக் கொண்டுவந்து நிறுத்தி சார்ஜ் போட அவங்க தெருவுல இடமில்ல.

சரி, வீட்டுக்கு வருவோம். ஒரே வழின்னு நான் முடிவு பண்ணது, முன் ஹாலை போர்ட்டிகோ ஆக்கறது. திண்ணையை இடிச்சு, சரிவு போட்டு, வண்டியை உள்ள விட்டுடலாம். எங்க தெருவுலேயே இரண்டு வீட்டுல அப்படிப் பண்ணியிருக்காங்க. கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து டேப் பிடிச்சோம். ஹால் அகலம் ஒன்பது அடி சொச்சம், கார் கிட்டத்தட்ட ஆறு அடி. தாராளமா நிக்கும். தறி மட்டும் போகணும், குழியை மூடி சிமென்ட் போடணும்.

அப்பா அப்போ தறியிலதான் இருந்தார். நாங்க டேப்போட ஒரு முனையை தறி மரத்துக்குப் பக்கத்துல வெச்சு அளக்கிறோம், அவர் நெய்யறதை நிறுத்தல. கொத்தனார் போனப்புறம் என்னைக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "இன்னும் இரண்டு சேலைக்குப் பாவு இருக்கும்மா. அது முடியட்டும்."

வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். என்கிட்ட ஷீட் இருந்தது. அவர் வேண்டாம்னு சொல்லவே இல்ல.

நான் எட்டாவது படிக்கும்போது லீவு நாள்ல அந்தத் தறியில எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா போட்டிருக்கேன். கோர்வை சேலைக்கு இரண்டு ஆள் வேணும். உடல் ஒரு கலர், கரை வேற கலர்ல வரும்போது, அந்தப் பக்கத்துக் கரைக்கு ஒருத்தர் நாடா தள்ளித் தரணும். நான் காலேஜ் போனதும் தம்பி உட்கார்ந்தான். அவனும் வேலைக்குப் போனதும் அப்பா கோர்வையை விட்டுட்டார், இப்போ ஒத்தை ஆளா நெய்யக்கூடிய சேலை மட்டும்தான். ஆக, அந்தத் தறியைப் பாதி காலி பண்ணது ஏற்கெனவே நாங்கதான். மீதியைக் காருக்காகக் காலி பண்ண டேப் பிடிச்சிட்டு நின்னேன்.

அன்னைக்கு ராத்திரி அம்மா என்னைத் திட்டினதை இங்க சொல்ல முடியாது, எடிட்ல போயிடும்.

வண்டி புக் பண்ணியாச்சு, நிறுத்த இடமில்ல. இந்த நேரத்துல பெரியப்பா பையன் ஒரு ஐடியா குடுத்தான். இடம் எங்க வேணா இருக்கட்டும், கரண்ட்டை எங்க வீட்டுத் தறி கனெக்‌ஷன்ல எடுத்துக்கலாம்னான். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாசத்துக்கு 300 யூனிட் இலவசம், 2023 மார்ச்சுக்கு முன்னாடி 200 யூனிட்டா இருந்தது. "மாமா எவ்ளோ யூனிட் எரிக்கிறார்? மீதி சும்மாதானே போகுது?" இந்த விஷயம் முழுக்க அப்பா குரலை உயர்த்தினது அந்த ஒரு தடவைதான். "அது தறிக்குக் குடுத்தது"ன்னார். பேச்சு அங்கேயே முடிஞ்சது.

கடைசியில சித்தப்பாதான் வழி சொன்னார். அவர் வீடு ஓரிக்கைப் பக்கம், முன்னாடி காலி இடம் இருக்கு. "எதுக்கு பாப்பா தறியை எடுக்கணும், இங்க கொண்டாந்து விடு." ஷீட் போட்டு ஒரு கொட்டகை, புதுசா ஒரு எர்த் குழி, தனி ஒயரிங், 15 ஆம்பியர் பாயின்ட். வேகமான சார்ஜர் மாட்டணும்னா வீட்டு சர்வீஸ்ல லோடு கூட்டணும், அதெல்லாம் வேண்டாம்னு விட்டுட்டேன். சாதா பாயின்ட்ல மணிக்கு மூணு யூனிட் ஏறினாலும், ராத்திரி எட்டு மணிக்குப் போட்டா விடியற்காலையில ஒரு ஆபீஸ் நாளுக்குத் தேவையானது தாராளமா இருக்கும். ஆபீஸ் நாள்ல ஸ்கூட்டியில ஓரிக்கை போய், ஸ்கூட்டியை விட்டுட்டு, காரை எடுத்துட்டுப் போவேன். சிரிப்பா இருக்கும், பரவாயில்ல. கருட சேவை அன்னைக்கு ஊருக்குள்ள எந்த வண்டியும் நகராது, அன்னைக்கு நான் மட்டும் நிம்மதியா வேலைக்குப் போயிட்டு வந்தேன்.

ரேஞ்ச் கேட்டவங்களுக்கு: காகிதத்துல நானூறு சொச்சம். அந்த டெஸ்ட்ல வேகம் குறைவு, ஏசி கணக்கு வேற. எண்பது, தொண்ணூறுல ஏசி போட்டு நாலு பேரோட போனா 220. என் போக்குவரத்து 150. நிஜமாவே பயந்தது ஒரே ஒரு நாள்தான். ஐப்பசி மழை, முந்தின ராத்திரி பூரா கரண்ட் இல்ல, காலையில 72 சதவீதத்தோட கிளம்பினேன். ஆபீஸ் சார்ஜர் நாள் முழுக்க வேற யாரோ பிடிச்சு வெச்சிருந்தாங்க. சாயந்திரம் 38 சதவீதம். வீட்டுக்கு வர 34 வேணும். மழை, ட்ராஃபிக். வழியில இருந்த முதல் பப்ளிக் சார்ஜர் வேலை செய்யல, இரண்டாவதுக்கு வேற ஆப், வேற வாலெட், அதுல முதல்ல பணம் போடணும். இருபது நிமிஷம் போட்டேன். ஜி.எஸ்.டி.யோட யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல. அந்த இருபது நிமிஷத்துல வீட்டுலேர்ந்து ஏழு கால். ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு பொண்ணு ஹைவே ஓரமா தனியா வண்டியில உட்கார்ந்திருக்கான்னா, ரேஞ்ச்ங்கிற வார்த்தைக்கு அர்த்தமே வேற. இப்போ என் விதி: 50 சதவீதத்துக்குக் கீழ ஆபீஸை விட்டுக் கிளம்பறதில்ல. இல்லேன்னா அன்னைக்கு ஃப்ரெண்ட் ரூம்.

இப்போ நான் பண்ணின தப்புக்கு வரேன். இந்த எபிசோடு பண்ணதே இதுக்காகத்தான்.

சித்தப்பா வீட்டு கரண்ட்டுக்கு நான்தானே பணம் தரணும். பில்லைப் பார்த்து ஷேர் பண்ணிக்கலாம்னேன், "அதெல்லாம் எதுக்கு, உனக்குத் தோணினதைக் குடு"ன்னார். ஒரு மீட்டர் மாட்டி அளந்தேன், இரண்டு மாசத்துக்கு சுமார் 490 யூனிட். இணையத்துல எல்லாரும் சொல்ற மாதிரி யூனிட் 5 ரூபாய்னு வெச்சு 2,450 ரூபாய் குடுத்தேன். மூணு தடவை அப்படியே குடுத்தேன். ரொம்ப நியாயமா நடந்துக்கிறதா நினைப்பு.

ஒரு நாள் சித்தி, அம்மாகிட்ட பேச்சுவாக்குல சொல்லியிருக்காங்க. "எங்களுக்கு முன்னாடி நூத்திச் சொச்சம்தான்க்கா வரும்."

நம்ம ஊர்ல பில் இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை, படிப்படியா ஏறும். முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த படி மலிவு. 500 தாண்டினா மொத்தக் கணக்கும் வேற அட்டவணைக்குப் போயிடும், கீழ்ப்படியில கிடைச்ச சலுகையும் குறையும். 2024 ஜூலை கட்டணப்படி 501-லேர்ந்து 600 வரைக்கும் யூனிட் 8 ரூபாய் 55 காசு, 601-லேர்ந்து 800 வரைக்கும் 9.65, ஆயிரத்தைத் தாண்டினா 11.80. சித்தப்பா வீட்டுல இரண்டே பேர், 150 யூனிட்தான் எரிப்பாங்க. என் 490 சேர்ந்ததும் 640. நூத்திச் சொச்சம் வந்த வீட்டுக்கு 3,300 சொச்சம் பில். நான் குடுத்தது 2,450. ஒவ்வொரு தடவையும் எழுநூறு ரூபாய்க்கு மேல அவர் கைக்காசு போட்டிருக்கார். யார்கிட்டயும் சொல்லல.

சராசரி விலை வேற, கடைசியா சேர்ற யூனிட்டோட விலை வேற. ஆபீஸ்ல கிளவுட் பில்லுக்கு இதையே நான் ஸ்லைடு போட்டு விளக்கியிருக்கேன். சித்தப்பா வீட்டு மீட்டர்ல மறந்துட்டேன்.

அந்த வாரமே பாக்கியை எடுத்துட்டுப் போனேன். வாங்க மாட்டேன்னார். சித்தி வாங்கிக்கிட்டாங்க, நல்லவேளை. இப்போ என்ன ஏற்பாடுன்னா, வீட்டுல இ.வி. இல்லாம இருந்தா எவ்ளோ பில் வந்திருக்குமோ அது மட்டும் சித்தப்பாவோடது. மீதி பூரா நான். யாராவது சொந்தக்காரங்க வீட்டுலயோ வாடகை வீட்டு ஓனர் மீட்டர்லயோ சார்ஜ் போடறீங்கன்னா, இன்னைக்கே உங்க கணக்கை ஒரு தடவை பாருங்க. இப்படிப் போட்டாலும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் பதினஞ்சு காசுதான் ஆகுது. பெட்ரோலோட ஒப்பிட்டா மாசம் ஏழாயிரம் மிச்சம். அதுல எழுநூறுக்குக் கஞ்சத்தனம் பண்ணியிருக்கேன், தெரியாமத்தான்னாலும்.

மாடியில சோலார் போடலாமான்னு இப்போ பேச்சு ஓடுது. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். செலவு நான் போடறேன்னேன், "என் வீட்டு மாடிக்கு நீ ஏன்"னு சித்தப்பா ஆரம்பிச்சார். இந்த தடவை சித்தியை வெச்சுப் பேசப் போறேன்.

அப்பா? அந்த இரண்டு சேலை முடிஞ்சது. மாசி மாசம் புதுப் பாவு ஏத்தினார். ஞாயித்துக்கிழமைகள்ல ஆயாவை முன் சீட்ல உட்கார வெச்சு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறோம். கார்ல சத்தமே இல்ல, ஓடுதா நிக்குதான்னே தெரியலன்னு ஆயா ஒவ்வொரு தடவையும் சொல்வாங்க. பின் சீட்ல அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார். போன வாரம் மட்டும், சேலை குடுக்க சொசைட்டிக்குப் போகணும், வண்டி எடுத்துட்டு வர்றியான்னு கேட்டார். பஸ்ஸுக்குப் போற தூரம்கூட இல்ல. ஓரிக்கை போய் எடுத்துட்டு வந்தேன்.

அடுத்த பில் பத்தாம் தேதி வருது. வந்ததும் அடுத்த எபிசோடுல நம்பர் சொல்றேன். வரேன்.