மோட்டார் சைக்கிளும் நம் வாலிபரும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இந்து வாலிபர் மேடையிலே மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசலாமா என்று சென்ற வாரம் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். "தம்பி, அறநெறியைப் பற்றிப் பேசு" என்றார். "ஐயா, அதைத்தான் பேசப்போகிறேன்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார், கேட்டபின் தீர்ப்புச் சொல்லட்டும்.

திருகோணமலையிலிருந்து புறப்படும் வீதி நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று வந்து, நம் திரியாய்ச் சந்தியைத் தொட்டுக்கொண்டு புல்மோட்டைக்குப் போகிறது. யுத்த காலத்தில் அது கிடந்த கோலத்தை நம் பெரியோர் அறிவர். அன்று குழிகளே பொலிஸ்காரரைப் போல் நின்று வேகத்தைத் தடுத்தன. இன்று வீதி செப்பனிடப்பட்டிருக்கிறது, தடுப்பாரில்லை. ஆனால் வீதி மாறியதேயன்றி ஊர் மாறவில்லை. இரவிலே சூடு தணியாத தாரின்மேல் மாடும் எருமையும் படுத்துக் கிடக்கின்றன. பின்விளக்கில்லாத லாண்ட்மாஸ்டர் வயலிலிருந்து ஏறி வருகிறது. அறுவடைக் காலத்தில் வீதியின் பாதியிலே நெல் காய்கிறது.

எனக்கு 17 வயதாயிருந்தபோது, குச்சவெளிப் பக்கம் ரியூஷனுக்குப் போய்ப் பொழுதுபட்ட பின் திரும்பினேன். வண்டி மாமாவுடையது. என்னிடம் அனுமதிப்பத்திரம் இல்லை. பின்னால் என் மச்சான். இருந்த ஒரு ஹெல்மெட்டும் என் முழங்கையிலே வளையல் போலத் தொங்கியது. பொலிசாரைக் கண்டால் மாத்திரம் அது தலைக்கு ஏறும். "இன்னும் கொஞ்சம் முறுக்கடா" என்றான் அவன். முறுக்கினேன். எருமையை நான் கண்டபோது பிறேக்கை அழுத்தக்கூட நேரமிருக்கவில்லை. எனக்குத் தோல் உரிந்ததோடு போயிற்று. அவன் இன்றும் இடக்கை விரல்களை முழுதாக மடக்க மாட்டான். மூன்றாம் வரிசையில் இருக்கிறான். அவனுடைய அனுமதி பெற்றே இதைச் சொல்கிறேன். மாமி என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

மிஷன் பாடசாலையிலே பௌதிகம் படித்தவன் நான். வேகம் இரட்டித்தால் மோதும் சக்தி நான்கு மடங்காகும் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன். 40 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடும். 80இல் 22 மீற்றர். கண் கண்டு கை பிறேக்கைப் பிடிக்கச் சுமார் ஒரு செக்கன் ஆகும். அதன் பிறகு வண்டி நிற்க வேண்டிய தூரமோ நான்கு மடங்கு. இந்தக் கணக்கெல்லாம் கொப்பியிலே இருந்தது, கையிலே இருக்கவில்லை.

ஹெல்மெட்டுக்கு ஒரு கதையுண்டு. அராபிய நாட்டிலே பேர் பெற்ற ரி. ஈ. லோரன்ஸ் 1935 மே மாதம் இங்கிலாந்தில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்மேல் மோதாதிருக்க மோட்டார் சைக்கிளைத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார். ஆறு நாளின்பின் இறந்தார். தலையிலே கவசம் இல்லை. அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ன்ஸ் அதை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசம் உயிர் காக்கும் என்று 1941இல் எழுதினார். இராணுவம் ஏற்றுக்கொண்டது. பொதுமக்களுக்குச் சட்டம் வர 1973 ஆயிற்று. பெரிய தேசங்களும் மெல்லத்தான் படிக்கின்றன போலும்!

உலகிலே 5 முதல் 29 வயது வரையானோரின் மரணத்துக்கு முதற் காரணம் நோயன்று, வீதி விபத்தே என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 2021இல் மாத்திரம் வீதியில் மாண்டோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர்.

இனிப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பஸ் குறைந்த ஊர் நமது. வயலுக்கும் கடைக்கும் ரியூஷனுக்கும் மோட்டார் சைக்கிள் வேண்டும். அதை வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் 18 வயது நிரம்பி அனுமதிப்பத்திரம் பெறுமுன் பிள்ளையிடம் திறப்பைக் கொடுப்பது அன்பாகுமா? என் மாமா என்மேல் பட்சத்தினாலேதான் தந்தார்.

நியூசிலாந்திலே 1987இல் ஓர் ஏற்பாடு செய்தனர். புதிதாக ஓட்டுபவன் இரவு பத்து மணிக்குப் பின் தனியே ஓட்டக்கூடாது. தோழரை ஏற்றவும் கூடாது. ஏனெனில் இளைஞனுக்கு ஆபத்து கூடுவது இருட்டிலும், பின்னாலிருந்து "முறுக்கடா" என்று சொல்ல ஆள் இருக்கும்போதுமே. நமக்கு அப்படிச் சட்டம் வரும்வரை காத்திருப்பானேன்? வீட்டுச் சட்டமாக முதல் ஓராண்டுக்கு வைக்கலாமே. எங்கள் வீட்டில் தம்பிக்கு வைத்தாயிற்று. அவன் என்னோடு பேசுவதில்லை, பாதகமில்லை.

இன்னுமொன்று. எவராவது விழுந்து கிடந்தால் அவரை மடித்து முச்சக்கர வண்டியில் திணிக்க வேண்டாம். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் நாமே அவரை முடமாக்கிவிடுவோம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். என் மச்சானை அன்று தூக்கி ஏற்றியவர்கள் நல்லவர்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வருகிற திருவிழா இரவுகளில் சந்தியிலே விளக்குடன் நின்று, மாடுகளை ஒதுக்கி, வண்டிகளை மெல்லப் போகச் சொல்ல ஆறு பேர் வேண்டும். மச்சானும் நானும் இருவர். மற்ற நால்வரும் கூட்டம் முடிந்ததும் வாசலில் என்னிடம் பெயர் கொடுக்கலாம். டோர்ச் விளக்கு இரண்டுதான் இருக்கிறது; வைத்திருப்போர் கொண்டுவரவும்.