முகாமுக்கு ஒரு மூட்டை



சாரணர் முகாமுக்கு நான் முதன்முதலாகப் புறப்பட்ட நாளுக்கு முந்திய இரவு, எங்கள் வீடு திருமண வீடு போல் இருந்தது. எனக்கு அப்பொழுது வயது 14. ஐப்பசி மாதம், கொடைக்கானல் மலைச்சாரலில் நான்கு நாள் முகாம். அன்னையார் முறுக்கும் அதிரசமும் டப்பாவில் அடைத்தார். அத்தை ஒரு பித்தளைச் செம்பைத் திணித்தார். தமையனார் கம்பளியை அடியில் போட்டு, அதன்மேல் மற்றவற்றையெல்லாம் அழுத்திக் கட்டினார். நானோ திண்ணையில் அமர்ந்து வேடிக்கை பார்த்தேன்.

பெருமாள்மலை ஊரில் பேருந்தை விட்டு இறங்கி நடந்தோம். அரை மைல் போகுமுன் செம்பின் விளிம்பு முதுகில் குத்தத் தொடங்கியது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. முகாமை அடையும்போது இருட்டிவிட்டது. டார்ச் விளக்கு எந்த மூலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தேடும் அவசரத்தில் கொட்டும் மழையிலேயே பையைக் கவிழ்த்தேன். கம்பளி பிழியும்படி நனைந்திருந்தது.

இரவு உடல் நடுங்கிற்று. பின்னர்ப் பேச்சும் குழறத் தொடங்கியது. சாரண ஆசிரியர் அதைக் கண்டு அஞ்சினார். ஈர உடையைக் களைந்து, என் அணித் தோழன் ஒருவனுடைய உலர்ந்த போர்வையால் என்னைச் சுற்றினார். அவன் தன் போர்வையை எண்ணெய்த் துணியில் பொதிந்து வந்திருந்தான். அதை எனக்குக் கொடுத்துவிட்டு, விடியுமட்டும் சமையற்கொட்டகை நெருப்பருகே உட்கார்ந்திருந்தான். மறுநாள் பெருமாள் சிகரம் ஏறும் பயணத்தில் அவனால் கலந்துகொள்ள இயலவில்லை. அந்தச் சிகரத்தைப் பற்றி ஒரு மாதமாக எங்களிடம் பேசிக்கொண்டிருந்தவன் அவன்!

ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறைகிறது. கொடைக்கானல் நகர் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே நனைந்த பருத்தியாடை உடற்சூட்டைக் காப்பதற்கு மாறாக உறிஞ்சிவிடும். கம்பளம் நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். ஆனால் என் கம்பளி போல் ஊறிப்போனால் அதுவும் உதவாது. ஆகவே இரவில் அணியும் ஓர் உடுப்பையும் போர்வையையும் பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியே வையுங்கள். பகலில் எவ்வளவு குளிர்ந்தாலும் அவற்றைத் தொடலாகாது. படுக்கும்போது, இரண்டு விரிப்பு இருந்தால் ஒன்றைக் கீழே போடுங்கள்; ஈரத் தரை மிகுந்த சூட்டை வாங்கிக்கொள்ளும்.

கனமானவை முதுகை ஒட்டி, மேற்பாதியில் இருத்தல் நலம். அடியில் இருந்தால் பை பின்னுக்கு இழுக்கும். மழைச்சட்டை, டார்ச், தண்ணீர்க் குப்பி மூன்றும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். 40 கிலோ எடையுள்ள மாணவன் 8 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டாம். தட்டு, தம்ளர், சோப்பு, ஊசி நூல் என்பவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை. முறுக்கு? கொண்டு போங்கள், முதல் நாளே அணியில் பங்கிட்டுவிட்டால் சுமை குறையும்!

கட்டியதும் ஒரு சோதனை செய்யுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சையும் போர்வையையும் இருளில் தடவி எடுத்துப் பாருங்கள். கட்டியவர் நீங்களாக இருந்தால் கை தானே அங்கே போகும்.

இன்றும் முகாமுக்குப் போகையில் ஒரு போர்வையைக் கூடுதலாகப் பொதிந்து எடுத்துச் செல்கிறேன். எடைக் கணக்கு என்னாயிற்று என்று மாணவர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. அந்த ஒரு பொருளுக்கு மட்டும் நான் கணக்குப் பார்ப்பதில்லை.